கையடக்கக் கணினி: நூலகத்துக்கும் களத்துக்கும் நடுவே

நூலகத்துக்குள் கையடக்கக் கணினி முதலில் நுழைந்தது பெரும்பாலும் வாசகர் கையோடு அல்ல, இருப்புச் சரிபார்க்கும் ஊழியர் கையோடுதான். அந்த வேலையின் சுமை, செய்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் அலமாரி முன் நின்று ஒவ்வொரு நூலாகப் பிரித்துச் சேர்க்கை எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். இன்னொருவர் தடித்த சேர்க்கைப் பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடிக் குறியிட வேண்டும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, இதற்குக் கணக்கே வகுத்திருக்கின்றன. 20,000 நூல்களுக்கு மேற்படாத நூலகம் ஆண்டுதோறும் முழு இருப்பையும் சரிபார்க்க வேண்டும். 50,000 வரை என்றால் மூன்றாண்டுக்கு ஒரு முறையாவது. அதற்கும் மேலே போனால் மாதிரிச் சரிபார்ப்பு போதும். இரவல் போகும், எடுத்துப் பார்க்கப்படும் ஆயிரம் நூலுக்கு ஆண்டில் ஐந்து தொலைவதை இயல்பான இழப்பு என்றே அதே விதி ஏற்றுக்கொள்கிறது.

பார்கோடு படிக்கும் கைக்கருவி வந்ததும் இந்த இருவர் வேலை ஒருவர் வேலை ஆயிற்று. பிறகு, தொடாமலே வானொலி அலையால் படிக்கக்கூடிய ஆர்எஃப்ஐடி வில்லைகள் வந்தன. நூலைப் பிரிக்கவே வேண்டாம். அடுக்கின் முதுகுகளை ஒட்டிக் கருவியை நகர்த்திக்கொண்டே போனால் போதும், வரிசை மாறி நிற்கும் நூலை அதுவே ஒலியெழுப்பிக் காட்டிவிடும். 3எம் நிறுவனம் இப்படி ஒரு கைக்கருவியை நூலகங்களுக்கென்றே விற்றது. இது சின்ன விஷயமல்ல. தவறான தட்டில் அடுக்கப்பட்ட நூல், வாசகரைப் பொறுத்தவரை தொலைந்த நூல்தான். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அந்த விதிக்குக் கையடக்கக் கணினி செய்த முதல் சேவை இது. யாரும் பெரிதாகப் பேசாத சேவையும் கூட.

வாசகர் கைக்கு அதைக் கொண்டுபோகும் முயற்சிகளில் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழக நூலகம் 2003 வாக்கில் செய்தது குறிப்பிடத்தக்கது. 'ஸ்மார்ட் லைப்ரரி' என்ற அந்த ஏற்பாட்டில் வாசகர் கைக்கணினியிலேயே நூற்பட்டியலைத் தேடுவார். கம்பியில்லா வலையமைப்பின் வழியே அவர் நிற்கும் இடத்தைக் கணித்து, நூல் இருக்கும் தட்டுக்குப் போகும் வழியைத் திரை வரைபடமாகக் காட்டும். தொழில்நுட்பமாக அழகானது. ஆனால் ஒரு நூலைத் தேடிப்போகும் வழியில் பக்கத்துத் தட்டு நூல்கள் கண்ணில் படுவதும், அவற்றில் ஒன்று நம்மை நிறுத்திவைப்பதும் நூலகக் கல்வியின் பாதி. நேராகக் கொண்டுபோய் நிறுத்தும் வரைபடம் அந்தப் பாதியை எடுத்துக்கொள்கிறது. நேரத்தை மிச்சப்படுத்துவதற்கும் பார்வையைக் குறுக்குவதற்கும் இடையிலுள்ள இந்த இழுபறி, இக்கருவிகளின் வரலாறு முழுக்கத் தொடர்கிறது.

அந்த வரலாற்றை மொத்தமாகப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது இது. நூலகத்தார் கையடக்கக் கணினியை வாசிக்கும் திரையாகப் பார்த்தார்கள். களத்தில் இருப்பவர்கள் அதைக் குறிப்பேடாகப் பார்த்தார்கள். நூல் களத்துக்குப் போவதும் களக்குறிப்பு நூலகத்துக்குத் திரும்புவதும் ஒரே கருவியில் நடந்த இடங்கள் மிகச் சில. அந்தச் சில இடங்களில்தான் கருவி தன் முழுப் பயனைத் தந்தது.

கையில் அடங்கும் கணினி என்ற கனவு கல்வியில்தான் பிறந்தது. ஆலன் கே 1972இல் 'டைனாபுக்' என்ற பெயரில் முன்வைத்தது, எல்லா வயதுக் குழந்தைகளுக்குமான சொந்தக் கணினி. படிப்பதற்கு மட்டுமல்லாமல் எழுதவும் வரையவும் இசையமைக்கவும் நிரல் செய்யவும் அதில் இடம் இருந்தது. கடைகளுக்கு வந்ததோ அலுவலர்களின் நாட்குறிப்பேடாக. 1993இல் ஆப்பிளின் நியூட்டன், 1996இல் பாம் பைலட். பாம் பைலட் கடையில் கிடைக்கும் இரண்டு சிறு பேட்டரிகளில் வாரக்கணக்கில் ஓடும். களப்பணிக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. அதே பேட்டரி முழுவதும் தீர்ந்தால் நினைவகத்தில் இருந்த எல்லாம் அழிந்துவிடும். இதைவிடக் கெட்ட செய்தியும் கிடையாது. எழுத்தாணியால் திரையில் கீறும் முறையும் ரோமன் எழுத்துகளுக்கே வடிவமைக்கப்பட்டிருந்தது. நம் மொழிகளில் குறிப்பெடுக்க அதில் வழியில்லை.

நூலகங்களில் முதலில் விழித்துக்கொண்டவை மருத்துவ நூலகங்கள். மருத்துவரும் மருத்துவ மாணவரும் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வேலை செய்பவர்கள். ஐயம் எழும் இடம் நோயாளியின் படுக்கையருகே. விடை இருக்கும் இடம் இரண்டு கட்டடங்களுக்கு அப்பால். 1990களின் கடைசியில் 'எபோக்ரட்டீஸ்' என்ற மருந்துக் கையேடு பாம் கருவிகளில் வந்ததும், வெள்ளை மேலங்கிப் பையில் தடித்த கையேட்டின் இடத்தைக் கருவி பிடித்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மருத்துவ நூலகர்கள் எந்தக் கையேட்டை ஏற்றலாம், எது காலாவதியானது, எப்படிப் புதுப்பிப்பது என்று வகுப்பெடுக்கத் தொடங்கினார்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் தன் ஆய்வுக்கட்டுரைத் தேடலையே கைக்கணினிக்கு ஏற்றபடி வடிவமைத்தது. நூலகர் தன் தொழிலை விடாமல் அதன் இடத்தை மாற்றிக்கொண்டார். தேர்ந்தெடுப்பது, சரிபார்ப்பது, புதுப்பிப்பது ஆகிய மூன்றும் முன்பைவிடக் கூடுதலாகத் தேவைப்பட்டன. சிறிய திரையில் பிழையான மருந்தளவு வந்தால் அதன் பக்கத்தில் அதைத் திருத்த இன்னொரு நூல் இருக்காது.

இங்கிருந்து உகாண்டாவுக்கு வருகிறேன். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் முயற்சி அங்கே நடந்தது. சாட்டலைஃப் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், கம்பாலாவின் மக்கெரேரே பல்கலைக்கழகத்தோடும் உகாண்டா ஹெல்த்நெட் அமைப்போடும் சேர்ந்து, கனடாவின் ஐடிஆர்சி அமைப்பின் நிதியுதவியோடு, 2003 முதல் ஒரு சுகாதாரத் தகவல் வலையமைப்பை நிறுவியது. ரக்காய், ம்பாலே மாவட்டங்களில் அது தொடங்கியது. சாலை மோசம், மின்சாரம் நிலையில்லை, இணையம் கிடையாது. செல்பேசி அலை மட்டும் உண்டு. சுகாதார நிலையத்தில் ஒரு சிறு பெட்டி வைத்தார்கள். சுகாதாரப் பணியாளர் தன் கைக்கணினியை அதன் எதிரே நீட்டுவார். அகச்சிவப்புக் கதிர் வழியே அவர் சேகரித்த நோய் விவரங்களும் மருந்து இருப்புக் கணக்கும் பெட்டிக்குள் போகும். அதே நேரத்தில் அவருக்கான சிகிச்சை நெறிமுறைகளும் மருத்துவச் செய்திகளும் மின்னஞ்சலும் பெட்டியிலிருந்து கருவிக்கு வரும். பெட்டி செல்பேசி அலை வழியே தலைநகரோடு பேசிக்கொள்ளும்.

அந்த ஒரு கணத்தில் நடப்பதைக் கவனிக்க வேண்டும். பணியாளர் அறிக்கை கொடுக்க வருகிறார், புத்தகம் பெற்றுத் திரும்புகிறார். அறிக்கை கொடுப்பது மேலிடத்துக்கான சுமை. அதற்குக் கைம்மாறாகத் தன் வேலைக்கு உதவும் ஏதோ ஒன்று உடனே கையில் கிடைக்கும்போது சுமை பரிமாற்றமாக மாறுகிறது. காகித முறையைவிடச் செலவு குறைந்தது என்று திட்டத்தார் கணக்குக் காட்டினார்கள். அது நல்லதுதான், ஆனாலும் அதைவிடப் பெரியது இந்தப் பரிமாற்றம். நம் ஊர்களில் கிராமச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் இன்று திறன்பேசியில் விவரம் பதிகிறார்கள். பதிவதற்கு ஈடாக அவர்கள் படிக்க, கற்க, ஐயம் தீர்த்துக்கொள்ள அந்தக் கருவி என்ன திருப்பித் தருகிறது என்ற கேள்வியை உகாண்டாவின் அந்தப் பெட்டியை வைத்தே கேட்க வேண்டும்.

பொது நூலகங்கள் வேறு பாதையில் போயின. மின்நூலை ஏற்றிய கருவியையே இரவல் கொடுப்பது என்ற வழக்கம் 1990களின் இறுதியில் ராக்கெட் இபுக் காலத்திலேயே அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. 2007 நவம்பரில் அமேசானின் மின்நூல் கருவியான கிண்டில் வந்தபோது அதன் விலை 399 டாலர். நியூ ஜெர்சியின் ஸ்பார்ட்டா பொது நூலகம் சில வாரங்களிலேயே அதை இரவல் தரத் தொடங்கியது. தொடர்ந்து வந்தவை நூலகங்களை உலுக்கின. 2009 ஜூலையில் உரிமைச் சிக்கல் ஒன்றால் ஜார்ஜ் ஆர்வெலின் '1984' வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டது. 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், நூலகத்துக்கு விற்கும் மின்நூல் 26 முறை இரவல் போனதும் காலாவதியாகும் என்று அறிவித்தது. கிண்டிலைப் பாடநூலுக்குப் பயன்படுத்த முனைந்த அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மீது பார்வையற்றோர் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. கருவி நூலை உரக்க வாசிக்கும். ஆனால் அந்த வாசிப்பைத் தொடங்கும் பட்டியல்கள் பேசா. பார்வையற்ற மாணவர் துணையில்லாமல் அதை இயக்க முடியாது.

நூலகம் தான் வாங்கிய நூலுக்கு உரிமையாளர் என்ற அடிப்படையே இங்கே தளர்ந்தது. காகித நூல் கிழியும் வரை நூலகத்தினுடையது. கிழிந்தால் பைண்டு செய்து மீண்டும் அடுக்கலாம். 27ஆவது வாசகருக்கு மறுக்கப்படும் மின்நூலை எந்தப் பைண்டராலும் மீட்க முடியாது. கானா நாட்டுப் பள்ளிகளில் வேர்ல்ட்ரீடர் அமைப்பு கிண்டில்களைக் கொடுத்தபோது பிள்ளைகள் ஆசையோடு படித்தார்கள். கருவிகள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக உடைந்தன. திரை உடைந்தால் ஒரு நூல் அல்ல, ஒரு நூலகமே போய்விடும். இந்த அனுபவங்களால் நான் கருவி இரவலுக்கு எதிரி ஆகிவிடவில்லை. ஆனால் நூல் வெளியீட்டாளர் கையிலும் கருவி வேறொரு நிறுவனத்தின் கையிலும் இருக்க, நூலகம் வெறும் விநியோக முகப்பாக நிற்கும் ஏற்பாட்டை நூலகம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

களத்தின் கதைக்கு வருவோம். அதன் சிறந்த அத்தியாயம் எழுதப் படிக்கத் தெரியாதவர்களால் எழுதப்பட்டது.

தென்னாப்பிரிக்கரான லூயி லீபன்பர்க், கலஹாரியின் வேட்டைக்காரர்களோடு இருந்து தடம் பார்க்கும் கலையைக் கற்றவர். தடம் பார்ப்பவர் செய்வது அறிவியலே என்று 1990இல் ஒரு நூலில் வாதிட்டார். ஒரு தடயத்தைப் பார்த்து ஊகம் ஒன்றை அமைக்கிறார், அடுத்த தடயத்தை வைத்து அதைச் சோதிக்கிறார், பொய்த்தால் மாற்றுகிறார். வேட்டை குறையக் குறைய இந்தக் கலையும் மறையும் என்ற கவலையில், 1990களின் நடுவில், கணினி மாணவரான ஜஸ்டின் ஸ்டீவன்டனோடு சேர்ந்து 'சைபர் டிராக்கர்' என்ற மென்பொருளை உருவாக்கினார். எழுத்தே இல்லாத திரை அது. படங்கள் மட்டும். விலங்கின் படத்தைத் தொட்டால் அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதற்கான படங்கள் வரும்: நடந்தது, மேய்ந்தது, நீர் குடித்தது, உறங்கியது. மேய்ந்தது என்றால் எந்தச் செடியை என்று செடிகளின் படங்கள். தொட்டு முடித்ததும் கருவியோடு இணைந்த ஜிபிஎஸ் இடத்தையும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளும்.

தென்னாப்பிரிக்காவின் கரூ தேசியப் பூங்காவில் கரெல் பெனாடி என்ற தடம் பார்ப்பவரும் அவர் சகாக்களும் இதைக் கையில் எடுத்தார்கள். கருங்காண்டாமிருகம் மழைக்காலத்தில் எதை மேய்கிறது, வறண்ட காலத்தில் எதற்கு மாறுகிறது என்பதை அவர்கள் பதிவுகள் காட்டின. அது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆய்வாளர்களுக்குச் சான்றாக எதுவும் இல்லாமல் இருந்தது. 1999இல் 'பேக்கிடெர்ம்' என்ற ஆய்விதழில் வெளியான கட்டுரையில் லீபன்பர்க் பெயரோடு பெனாடியின் பெயரும், ஜேம்ஸ் மின்யே என்ற இன்னொரு தடம் பார்ப்பவரின் பெயரும் ஆசிரியர்களாக அச்சாயின. எழுத்தறியாத ஒருவர் ஆய்வுக்கட்டுரையின் ஆசிரியராகி நூலகத்துக்குள் நுழைந்தார். கருவி அவருக்கு அறிவு எதையும் புகட்டவில்லை. அவரிடமிருந்த அறிவு வெளியே வர வாசலாக இருந்தது. களக்கருவி செய்த காரியங்களில் இதைவிடப் பெரியதை நான் அறியேன்.

பள்ளிப் பிள்ளைகளைக் கருவியோடு வெளியே அழைத்துப்போன முயற்சிகள் பல. தைவானில் 2003இல் வெளியான பறவை நோக்கல் திட்டத்தில் கைக்கணினி முதலில் நிறைய உதவி தரும். மாணவர் தேறத் தேற உதவியைக் குறைத்துக்கொண்டே போகும். எம்ஐடியில் எரிக் கிளாப்ஃபரும் கர்ட் ஸ்கொயரும் ஒரு கற்பனை நச்சுக் கசிவை வளாகத்தின் மேல் விரித்து, மாணவர்களை ஜிபிஎஸ் கைக்கணினியோடு துப்பறிய விட்டார்கள். இவை எல்லாவற்றிலும் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதிக் காட்டில் நடந்த 'ஆம்பியன்ட் வுட்' சோதனையிலிருந்து கற்க வேண்டியது அதிகம்.

11, 12 வயதுப் பிள்ளைகள் இருவர் இருவராகக் காட்டுக்குள் போனார்கள். ஒரு பிள்ளை கையில் ஈரத்தையும் வெளிச்சத்தையும் அளக்கும் கோல். இன்னொரு பிள்ளை கையில் அளவைப் படமாகக் காட்டும் கைக்கணினி. மண்ணில் குத்திப் பார்த்தார்கள், பாசியில் குத்திப் பார்த்தார்கள், மரப்பட்டையில், தங்கள் கையில், எதில் முடியுமோ அதிலெல்லாம் வைத்துப் பார்த்தார்கள். எங்கே ஈரம் மிகும் என்று முன்கூட்டியே ஊகித்துவிட்டு ஓடிப்போய்ச் சோதித்தார்கள். பிறகு ஒரு குடிலில் கூடியபோது அவர்கள் எடுத்த அளவுகள் எல்லாம் காட்டின் வரைபடத்தின் மேல் புள்ளிகளாக விரிந்தன. ஏன் இங்கே இப்படி, அங்கே அப்படி என்று பேச்சு தொடங்கியது. அதே சோதனையில், குறிப்பிட்ட இடத்தை நெருங்கியதும் செடிகளையும் பூச்சிகளையும் பற்றிய தகவல்கள் கைக்கணினிக்குத் தாமாகவே வரும்படி செய்திருந்தார்கள். பிள்ளைகள் பல நேரம் அவற்றைக் கவனிக்கவே இல்லை. தாங்கள் கேட்டுப் பெற்றதில் மூழ்கிப்போனார்கள். கேளாமல் வந்ததைக் கடந்து போனார்கள்.

சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரட்டோரியம் அறிவியல் அருங்காட்சியகத்துக்கும் இதே பாடம் வேறு வழியில் கிடைத்தது. தொட்டு இயக்கிப் பார்க்க வேண்டிய காட்சிப்பொருள்கள் நிறைந்த இடம் அது. அங்கே மின்வழிகாட்டியாகக் கைக்கணினியைக் கொடுத்தபோது, பார்வையாளர் தலை கவிழ்ந்தது; ஒரு கை எப்போதும் கருவிக்கே போயிற்று. கடைசியில் அவர்கள் திரையையே கைவிட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சிறு அட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். பிடித்த காட்சியின் அருகே அட்டையைக் காட்டினால் அது பதிவாகும். வீட்டுக்குப் போய்ப் படத்தையும் விளக்கத்தையும் பார்த்துக்கொள்ளலாம். களத்தில் கண்ணும் கையும் விடுதலையாக இருக்கட்டும், வாசிப்பு பிறகு நடக்கட்டும் என்ற இந்தப் பிரிவினையைக் களப்பயணம் அழைத்துப்போகும் ஒவ்வோர் ஆசிரியரும் எண்ணிப் பார்க்கலாம்.

இந்தியாவின் பங்கு சிறியதல்ல. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களும் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய 'சிம்ப்யூட்டர்' லினக்ஸில் இயங்கியது. மூன்று சிறு பேட்டரிகளில் ஓடியது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் எழுத்தை உரக்க வாசிக்கும்படி திட்டமிடப்பட்டது. 2004இல் 'அமிடா' என்ற பெயரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வழியே சந்தைக்கு வந்தது. எதிர்பார்த்த விற்பனையில் சிறு பங்கைக்கூட எட்டவில்லை. செல்பேசி அலை அதை மூழ்கடித்தது. தோல்வியின் பட்டியலில் அதைச் சேர்ப்பவர்கள் அதன் உள்ளிருந்த ஓர் எண்ணத்தை மறந்துவிடுகிறார்கள். ஒருவருக்கு ஒரு கருவி என்று அவர்கள் நினைக்கவில்லை. ஊருக்கு ஒரு கருவி. ஆளுக்கு ஒரு ஸ்மார்ட் கார்டு. அட்டையைச் செருகினால் கருவி அவருடையதாகும், எடுத்துவிட்டால் அடுத்தவருடையதாகும். இது முழுக்க நூலகத்தின் எண்ணம். ஆளுக்கொரு திறன்பேசி வந்த பிறகு நாம் தொலைத்தது இந்தப் பொதுமையைத்தான்.

அந்த சிம்ப்யூட்டரில் இயங்கும்படி புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஒரு களை அறியும் மென்பொருளை உருவாக்கியது. 'ஆஸ்கர்' என்பது திட்டத்தின் பெயர். கங்கைச் சமவெளியின் நெல், கோதுமை வயல்களின் களைகள் அதன் பொருள். இதன் அருமை விளங்க வேண்டுமானால் தாவரவியல் நூலோடு வயலில் இறங்கிப் பார்க்க வேண்டும். நூலில் உள்ள இனங்காணும் திறவுகோல் பூவைக் கேட்கும், கதிரைக் கேட்கும். களையைப் பூக்கும் வரை விட்டுவைத்தால் விளைச்சல் போய்விடும்; அதை நாற்றுப் பருவத்திலேயே அறிய வேண்டும். மேலும் திறவுகோலில் ஒரு கேள்விக்குத் தவறான விடை சொல்லிவிட்டால் அதற்குப் பிந்திய எல்லாம் தவறு. ஆஸ்கரில் கேள்வி வரிசையே இல்லை. திரையில் செடியின் வரைபடம் இருக்கும். கண்ணுக்குத் தெரிந்த உறுப்பை எந்த வரிசையிலும் தொட்டு, பொருந்தும் படத்தைத் தேர்ந்தெடுக்கலாம். தெரியாததை விட்டுவிடலாம். ஒவ்வொரு தேர்வுக்கும் பொருத்தம் கணக்கிடப்பட்டு, மிகவும் ஒத்த செடி முதலில் நிற்கும். ஒன்றிரண்டு பிழைகள் விடையைக் கெடுத்துவிடா.

நெல் நாற்றையும் குதிரைவாலி இனத்துக் களைப்புல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். இளம் பருவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும். இலையைத் தண்டிலிருந்து லேசாக விலக்கி, இலையும் உறையும் சேரும் மூட்டைப் பார்த்தால் நெல்லில் மெல்லிய சவ்வு ஒன்று நிமிர்ந்திருக்கும். பக்கத்தில் மயிருள்ள சிறு செவிகள் இருக்கும். களைப்புல்லில் அந்த இடம் மொட்டையாக இருக்கும். தாவரவியல் பட்டதாரிக்கு இது திரையில் ஒரு படத் தேர்வு. களை பறிக்கும் பெண்களுக்கு விரலின் பழக்கம். குனிந்த முதுகு நிமிராமலே பிரித்து இழுத்துவிடுவார்கள். ஆகவே இந்தக் கருவியை யார் கையில் கொடுக்கிறோம், எதற்காகக் கொடுக்கிறோம் என்ற கேள்வி எழுகிறது. வேளாண் மாணவருக்குக் கொடுத்தால் அது நூல். களை பறிக்கும் பெண்ணுக்குக் கொடுத்தால், கரூவில் நடந்ததுபோல, அவர் அறிந்ததை எழுதிக்கொள்ளும் ஏடாக அது இருக்க வேண்டும். இரண்டாவது வழியை நம் நாட்டில் போதுமான அளவு யாரும் முயலவில்லை என்பது என் வருத்தம்.

திறன்பேசி வந்த பிறகு கருவியின் விலை, பேட்டரி, மொழி எல்லாவற்றிலும் நிலைமை மாறிவிட்டது. 2005 பொங்கலன்று மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் சிங்கப்பூரில் வெளியானதிலிருந்து கைபேசியில் தமிழ் எழுதுவது சாத்தியமாயிற்று. 2017இல் கூகுளின் குரல்வழித் தட்டச்சும் தமிழுக்கு வந்தது. வயல்வரப்பில் நின்று பேசியே குறிப்பெடுக்கலாம். 2015 முதல் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பதிவுகள் இபேர்ட் தளத்துக்குப் போகின்றன. பார்த்தவர் பெயரோடு, நாளோடு, இடத்தோடு உலகின் எந்த ஆய்வாளரும் எடுத்தாளக் கிடைக்கின்றன. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையமும் இந்திய வனவிலங்கு நிறுவனமும் உருவாக்கிய எம்-ஸ்ட்ரைப்ஸ் என்ற ரோந்துப் பதிவு முறை, 2018 புலிகள் கணக்கெடுப்பில் வனக் காவலர்களின் கைபேசிக்கே வந்துவிட்டது. நடந்த தடமும் கண்ட கால்தடமும் எச்சமும் அதில் தானாக இடக்குறிப்போடு ஏறும். முதுமலையிலும் ஆனைமலையிலும் காவலரோடு முன்னே நடப்பவர் பெரும்பாலும் பழங்குடியைச் சேர்ந்த வேட்டைத் தடுப்புக் காவலர்தான். கால்தடத்தின் விளிம்பு உதிர்ந்திருப்பதைப் பார்த்து அது எந்த நேரத்துத் தடம் என்று சொல்பவர் அவர். பெனாடியின் பெயர் கட்டுரையில் ஏறியதுபோல இவர்கள் பெயரும் ஏற வேண்டும்.

இன்றைய செயலிகளில் எனக்குள்ள பெரிய ஐயம், அவை பெயரைச் சொல்லிவிடுவது. பிளான்ட்நெட் இலையின் படத்தைப் பார்த்துச் செடியின் பெயரைச் சொல்கிறது. மெர்லின் ஒலியைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்கிறது. பார்வையற்றவருக்கும் பறவை நோக்கலைத் திறந்துவிட்டிருக்கும் நல்ல கருவி அது. ஆனால் பெயர் கிடைத்ததும் பார்ப்பது நின்றுபோகிறது. ஆஸ்கர் பெயரைச் சொல்வதற்கு முன் இலைமூட்டைப் பார்க்க வைத்தது. தைவான் கருவி உதவியைக் குறைத்துக்கொண்டே போயிற்று. இன்றைய செயலி நூறாவது முறையும் முதல் முறை போலவே முழு விடையையும் ஊட்டுகிறது. வகுப்போடு களத்துக்குப் போகும் ஆசிரியர் ஒரு சிறு ஒழுங்கு வைத்துக்கொள்ளலாம்: முதலில் பார், வரை, ஊகி, எழுது, அதன் பிறகு படமெடு, செயலி சொல்வதோடு உன் ஊகத்தை ஒப்பிட்டு, வேறுபட்டால் ஏன் என்று எழுது. செயலி தவறும் இடங்களில்தான் பிள்ளைகள் அதிகம் கற்பார்கள்.

இன்னொரு பெரிய இடைவெளி, இந்தக் களப்பதிவுகள் எங்கே போய்ச் சேருகின்றன என்பது. பல்லுயிர்ச் சட்டம் 2002இன்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். ஊரின் மரம், செடி, மீன், விதை, மருந்தறிவு எல்லாம் அதில் ஊராரின் வாய்மொழியாக ஏற வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 என்று கெடு விதித்த பிறகு நாடெங்கும் அவசர அவசரமாகப் பதிவேடுகள் நிரப்பப்பட்டன. நிரப்பிய ஏடு பீரோவுக்குள் போனால், ஊருக்கு அதனால் பயனில்லை. தமிழ்நாட்டில் 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுந்தது. அவற்றில் பல பூட்டிக் கிடக்கின்றன. ஒரு பக்கம் நூலே வராத நூலகம், இன்னொரு பக்கம் நூலகத்துக்கு வராத ஊரறிவு. பள்ளிப் பிள்ளைகள் பாட்டிமாரிடம் கேட்டுக் குரலாகவும் படமாகவும் பதிந்துவந்தால், அதை ஒழுங்குபடுத்தி, பெயரும் நாளும் இடமும் சேர்த்து அடுக்குவது நூலகர் வேலை. மன்னார்குடி மேலவாசலில் 1931இல் மாட்டுவண்டி கட்டி நூல்களை ஊர் ஊராகக் கொண்டுபோன நாட்டில், திரும்பி வரும் வண்டியில் ஊரின் குறிப்புகளை ஏற்றிவருவது நடக்க முடியாத காரியமல்ல.

இது நடக்கும் என்பதற்கு இலங்கைத் தமிழர்களின் நூலகம் நிறுவனம் சான்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட மண்ணில், 2005இல் தன்னார்வலர்கள் இணையத்தில் தொடங்கியது அது. முதலில் நூல்களை மின்வருடினார்கள். பிறகு ஒலிப்பதிவியும் படக்கருவியுமாக ஊர்களுக்குப் போய் வாய்மொழி வரலாறுகளையும் தொழில்களையும் ஆவணப்படுத்தினார்கள். அங்கே நூலகத்துக்கும் களத்துக்கும் நடுவே சுவர் இல்லை. நூல் எப்படிப் பட்டியலில் ஏறுகிறதோ அப்படியே பேச்சும் ஏறுகிறது.

அப்படிச் சேரும் பதிவுகளில் எதைத் திறந்து வைப்பது என்பதில் கவனம் வேண்டும். யார் எந்த நூலை எடுத்தார் என்பதை நூலகர் பிறருக்குச் சொல்வதில்லை. அது தொழில் நெறி. களப்பதிவுக்கும் அத்தகைய நெறி தேவை. ஐநேச்சுரலிஸ்ட் தளம் அருகிவரும் உயிர்களின் இருப்பிடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் மங்கலாக்குகிறது, வேட்டையாடுவோருக்கு வழிகாட்டியாகிவிடக் கூடாதே என்று. ஊர் மருத்துவச்சி சொன்ன மருந்து, மீனவர் மட்டும் அறிந்த பாறை மடு, பழங்குடியினர் தேன் எடுக்கும் மரம் ஆகியவற்றை ஜிபிஎஸ் புள்ளியோடு உலகத்துக்குத் திறந்துவிடுவது அவர்கள் சம்மதித்தால் மட்டுமே நடக்கலாம். அந்தச் சம்மதமும் கருவியில் ஒரு பெட்டியைத் தொடுவதோடு முடிந்துவிடக் கூடாது. பதிந்ததை அவர்களுக்கே வாசித்துக் காட்ட வேண்டும், திருத்தச் சொல்ல வேண்டும், வேண்டாம் என்றால் நீக்க வேண்டும். பதிவின் முதல் படி அந்த ஊர் நூலகத்தில் இருக்க வேண்டும். யார் கேட்டாலும் காட்டலாமா, ஊராரைக் கேட்டபின் காட்டலாமா என்ற குறிப்பு ஒவ்வொரு பதிவின் மேலும் இருக்க வேண்டும். இதற்கான படிவத்தைத் தமிழில் ஆக்கும் வேலையை நூலகத் துறையும் பல்லுயிர் வாரியமும் சேர்ந்து உட்கார்ந்து செய்ய வேண்டும்.